46 பேர் வேலை செய்கிறோம், 63 பேருக்குப் பணம் கட்டுகிறோம். எங்கிருந்து வெட்ட ஆரம்பிப்பது?

பஞ்சாலைக்கணக்கு
திங்கள், காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பதிவான ஒரு மென்பொருள் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். 2020-இல் அவிநாசி ரோட்டில் இருந்த ஆபீஸைக் காலி செய்தோம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் வீடுதான் ஆபீஸ். மதுரை, திருநெல்வேலி, பெங்களூரு, ஈரோடு பக்கம் ஒரு கிராமம் என்று 46 பேரும் ஆளுக்கு ஒரு ஊரில் இருக்கிறோம். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

இதற்கு முன்னால் 11 வருடம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதினேன். அங்கே ஒரு பேரிங் வெளியே போக வேண்டுமென்றால் இன்டென்ட் சீட்டு வரும், அதில் மேஸ்திரி கையெழுத்து இருக்கும், கூடவே தேய்ந்துபோன பழைய பேரிங்கும் வந்தாக வேண்டும். கிரீஸும் பஞ்சுத் தூசியும் அப்பிய அந்தப் பழசை கவுன்ட்டரில் வைத்தால்தான் நான் புதுசை எடுத்துக் கொடுப்பேன். இப்போது இருக்கும் இடத்தில் பழைய பேரிங் கவுன்ட்டருக்குத் திரும்புவதே இல்லை.

போன வாரம் மென்பொருள் செலவை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். மெயில், ஃபைல், காலண்டர் எல்லாம் சேர்ந்த கூகுள் வொர்க்ஸ்பேஸில் 63 கணக்குகள். நாங்கள் 46 பேர். இன்ஃபோ, கேரியர்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று பொது முகவரிகள் 6. மீதி 11 பேர் வேலையை விட்டுப் போனவர்கள். அதில் ஒருவர் போய் மூன்று வருடம் ஆகிறது! சஸ்பெண்ட் செய்துவிட்டோமே என்று டெவலப்மென்ட் டீமில் சொன்னார்கள். சஸ்பெண்ட் செய்தாலும் பில் நிற்காது என்பது இன்வாய்ஸை வரி வரியாகப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அப்புறம் ஸூம் 22 லைசென்ஸ், யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று குறிக்கும் ஜிரா 55 பேர், டெவலப்பர்கள் தங்கள் கணினியில் புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் டாக்கர் டெஸ்க்டாப் 20. டிசைன் மென்பொருளில் எடிட்டர் சீட் (சீட் என்றால் ஒரு ஆளுக்கான லைசென்ஸ்) 14 இருக்கிறது, டிசைனர்கள் 4 பேர்தான்.

இதையெல்லாம் விட வயிறெரிந்தது ஒன்று. டெஸ்டிங் மென்பொருள் ஒன்றை 25 சீட்டுக்கு வாங்கிய லீட் போன ஆகஸ்டில் விலகினார். அன்றே அவர் கணக்கை சஸ்பெண்ட் செய்தோம். ரினியூவல் பற்றி முன்கூட்டியே மெயில் அனுப்பினோம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அனுப்பியிருப்பார்கள்தான். சஸ்பெண்ட் ஆன கணக்குக்குள் மெயில் வராது. ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடத்துக்கு நீண்டு, 25 சீட்டுக்கும் இன்வாய்ஸ் என் மேஜைக்கு வந்துவிட்டது. இப்போது அதைத் தொடுகிறவர்கள் 6 பேர்.

போன ஏப்ரலில் மூன்று ஜூனியர் பிள்ளைகளுக்கு இன்க்ரிமென்டைத் தள்ளிப்போட்டோம். பணம் இல்லை என்பதுதான் காரணம். அந்தக் கடிதங்களை டைப் செய்தது நான். அதனால்தான் இதை விட மனசு வரவில்லை.

போனவர்களின் கணக்கை அழித்தால் ஃபைல் போய்விடும் என்று மேனேஜர்கள் தடுக்கிறார்கள். எங்கள் முதலாளி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பல மென்பொருள்கள் ஒரே சந்தாவில் வரும் ஸோஹோ ஒன்னுக்கு மாறிவிடலாம் என்கிறார். எதில் முதலில் கை வைப்பது? இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


இரவுநேர_அட்மின்
திங்கள், இரவு 11.55

மேடம், ஆபீஸே இல்லாத கம்பெனிகளுக்கு ஒன்பது வருடமாக ஐடி பார்க்கிறேன். உங்கள் மேனேஜர்கள் பயப்படுவது நியாயம். அந்தப் பயம் தீராமல் ஒரு சீட்டைக்கூட உங்களால் வெட்ட முடியாது, ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒரு கம்பெனியில் கன்டென்ட் எழுதும் பெண் ஒருவர் விலகினார். சீட் வீணாகக் கூடாது என்று அன்று சாயங்காலமே கூகுள் கணக்கை அழித்துவிட்டேன். பதினேழாம் நாள் காலையில் ஒரு கிளையன்ட், போன காலாண்டில் இறுதி செய்த ஆவணத்தைக் கேட்டார். லிங்க்கை அழுத்தினால் வெள்ளைப் பக்கம். ஆறு பேர் தினமும் திறந்த ஃபைல், ஆனால் அதற்குச் சொந்தக்காரர் அந்தப் பெண். அவர் கணக்கோடு அவருடைய மை டிரைவும் போயிருந்தது. அழித்த கணக்கை 20 நாட்களுக்குள் மீட்கலாம் என்று கூகுளில் விதி இருக்கிறது. இன்னும் மூன்று நாள் தாமதித்திருந்தால் அந்த ஆவணத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்? அன்று மீட்டு, ஃபைல்களை அவருடைய மேலாளர் பெயருக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் மறுபடி அழித்தேன். அதிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றியதே இல்லை: முதலில் பாஸ்வேர்டை மாற்றி எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுவது, அடுத்து டிரைவையும் காலண்டரையும் இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது, மெயில் தேவையென்றால் எடுத்து வைப்பது, புது உரிமையாளர் இரண்டு மூன்று ஃபைலைத் தன் கையால் திறந்து பார்த்துச் சரி என்று எழுதித் தருவது. அழிப்பது இத்தனைக்கும் பிறகு.

உங்கள் 11 பேருக்கும் இதையே செய்யுங்கள். வழக்கு, தணிக்கை என்று ஏதாவது நிலுவையில் இருப்பவரின் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆர்க்கைவ் லைசென்ஸ் என்று விலை குறைவான ஒன்று இருக்கிறது, உங்கள் திட்டத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். இனிமேல் முக்கியமான வேலையெல்லாம் ஷேர்ட் டிரைவில் நடக்கட்டும். அங்கே ஃபைலுக்குச் சொந்தக்காரர் கம்பெனி. ஆள் போனாலும் ஃபைல் போகாது.

பொது முகவரிகள் ஆறுக்கும் தனிச் சீட் எதற்கு? கேரியர்ஸ், இன்ஃபோ மாதிரியானவற்றை கூகுள் குரூப்பாக, அதாவது வரும் மெயில் பலருக்கும் போகும் முகவரியாக மாற்றலாம், அதற்குப் பணம் கிடையாது. ஒருவருடைய கணக்கிலேயே 30 மாற்று முகவரிகள் வரை சேர்க்கவும் இடம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: அங்கே போனவரின் பெட்டியை ஷேர்ட் மெயில்பாக்ஸாக மாற்றினால் 50 ஜிபி வரை லைசென்ஸ் வேண்டாம். முதலில் மாற்றிவிட்டு, லைசென்ஸை அப்புறம் எடுக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் உங்கள் திட்டம் ஃப்ளெக்ஸிபிளா, ஆனுவலா என்று பாருங்கள். ஃப்ளெக்ஸிபிள் என்றால் கணக்கு குறையக் குறைய பில் இறங்கும். ஆனுவல் என்றால் ரினியூவல் வரை எண்ணிக்கையைக் குறைக்க விடமாட்டார்கள். ஆனாலும் காலியாகும் சீட்டைப் புதிதாகச் சேருபவருக்குக் கொடுக்கலாம், கூடுதலாக வாங்க வேண்டியிராது.

அடுத்தது, பலர் ஏமாறும் இடம். கூகுளில் ஒருவரை நிறுத்திவிட்டால் அந்த லாகின் வழியாக ஜிரா மாதிரியான எதற்குள்ளும் அவர் நுழைய முடியாது. ஆனால் அங்கே அவர் பெயரில் சீட் அப்படியே இருக்கும், பில்லும் ஓடும். கதவைப் பூட்டிவிட்டு வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி. ஒவ்வொரு மென்பொருளிலும் தனியாக உள்ளே போய் நீக்க வேண்டும். இதைத் தானாகச் செய்யும் ஸ்கிம் என்ற வசதியைப் பல கம்பெனிகள் விலை கூடிய திட்டத்தில்தான் தருகின்றன. 46 பேருக்காக அந்தத் திட்டத்துக்கு ஏற வேண்டாம். ஸைலோ, டோரி மாதிரி சீட்டுகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. உங்கள் அளவுக்கு ஒரு ஷீட் போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

அந்த ஷீட்டை எப்படி நிரப்புவது? கார்டு ஸ்டேட்மென்ட் 13 மாதத்துக்கு எடுங்கள். 12 மாதம் எடுத்தால் வருடச் சந்தா ஒன்றிரண்டு நழுவிவிடும். பிறகு கூகுள் அட்மின் கன்சோலில் செக்யூரிட்டிக்குள் ஏபிஐ கன்ட்ரோல்ஸ் என்று இருக்கும். உங்கள் ஆட்கள் கூகுள் கணக்கோடு எந்தெந்தச் செயலிகளை இணைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் என்று அங்கே தெரியும். கார்டில் தெரியாதது பாதி அங்கே கிடைக்கும். நான் முதல் தடவை பார்த்தபோது ஒரே வேலைக்கு மூன்று குறிப்பெழுதும் செயலிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று டீம், ஒருவருக்கொருவர் தெரியாது. ஒரே கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் பக்கத்துத் திரையைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

ஸூமில் கூட்டத்தைக் கூட்டுபவருக்குத்தான் லைசென்ஸ் வேண்டும், கலந்துகொள்பவருக்கு வேண்டாம். இலவசக் கணக்கின் எல்லையான 40 நிமிடத்துக்கு மேல் கிளையன்ட் கூட்டம் நடத்துபவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதே வேலைக்கான கூகுள் மீட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பதிவு செய்யும் வசதிக்காக ஸூம் வேண்டும் என்று யாராவது சொன்னால், பிசினஸ் ஸ்டாண்டர்ட் திட்டத்திலிருந்து மீட்டிலும் பதிவு உண்டு.

ஸோஹோ ஒன் பற்றி. நம் ஊர்க்காரர்கள் செய்தது, நல்ல பொருள், நான் குறை சொல்ல மாட்டேன். அதில் விலை இரண்டு விதம். எல்லா ஊழியருக்கும் வாங்கினால் தலைக்கு விலை குறைவு. வேண்டியவர்களுக்கு மட்டும் வாங்கினால் தலைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் தலைகளை எண்ணி முடிக்காமல் எந்த வழி லாபம் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு மாறுவதற்கு முன் பரணைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் அதே மூட்டைகள் புது வீட்டுப் பரணுக்குத்தான் போகும்.


பஞ்சாலைக்கணக்கு
செவ்வாய், காலை 9.15

சார், ராத்திரி நேரத்தில் இவ்வளவு எழுதியதற்கு நன்றி. கன்சோலைத் திறந்து பார்த்தேன், எங்களுடையது ஃப்ளெக்ஸிபிள் திட்டம்தான். ஏபிஐ பக்கத்தில் நான் பெயரே கேள்விப்படாத செயலிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றாக யாருடையது என்று கேட்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: சிலர் தங்கள் சொந்தக் கார்டில் வாங்கிவிட்டு எனக்கு ரீஇம்பர்ஸ்மென்ட் அனுப்புகிறார்கள். தொகை சின்னதாக இருப்பதால் நான் கேள்வி கேட்காமல் பாஸ் செய்துவிடுவேன். இதை விடலாமா?


ரிவர்ஸ்சார்ஜ்
செவ்வாய், மதியம் 1.20

விடாதீர்கள் மேடம். நான் ஜிஎஸ்டி பார்க்கிறவன். சொந்தக் கார்டு என்றால் பில் அவர் பெயரில் இருக்கும், உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்காது. வெளிநாட்டில் இருந்து விற்பவர் அவரைத் தனிநபராக நினைத்து 18 சதவீதத்தைச் சேர்த்தே வாங்கிவிடுவார். அந்த வரிக்கு உங்களால் கிரெடிட் எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதே மென்பொருளைக் கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண்ணைப் பதிவு செய்து வாங்கினால் விற்பவர் வரி போட மாட்டார். வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே 18 சதவீதம் கட்ட வேண்டும். கிரெடிட்டில் கழிக்க விடமாட்டார்கள், பணமாகத்தான் கட்ட வேண்டும். ஆனால் கட்டியதைக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்து, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறவர்களாக இருந்தால் ரீஃபண்டும் கேட்கலாம். சின்னத் தொகைதான், ஆனால் இருபது பேர் இப்படி வாங்கினால் வருடக் கடைசியில் சின்னதாக இருக்காது.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் போகும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் இது கட்டாயமானது. 2022-இல் ஓடிபி இல்லாமல் போகும் வரம்பு 15,000 ரூபாய் ஆனது, அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்கும். அந்த எஸ்எம்எஸ் யார் போனுக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். பல கம்பெனிகளில் முதலாளி போனுக்குப் போகும், அவர் பார்க்கவே மாட்டார். வங்கியின் தளத்தில் உங்கள் கார்டில் எந்தெந்த இ-மேன்டேட் (தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) உயிரோடு இருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். அங்கே நிறுத்தினால் கார்டில் போவது மட்டும்தான் நிற்கும். வருட ஒப்பந்தம் போட்டிருந்தால் பாக்கி உங்கள் மேல்தான், அதனால் விற்பவரிடமும் எழுத்தில் ரத்து செய்ய வேண்டும்.


கீழ்வீதி_டெவலப்பர்
செவ்வாய், மாலை 6.05

டாக்கர் டெஸ்க்டாப்புக்கு 20 சீட் ஏன் அக்கா? 250-க்கும் குறைவான ஊழியர்கள், வருட வருமானம் ஒரு கோடி டாலருக்கும் கீழே, இந்த இரண்டும் பொருந்துகிற கம்பெனிக்கு அது இலவசத் திட்டத்திலேயே அனுமதி. 2021-இல் விதி மாறியபோது பயந்துபோய் வாங்கியிருப்பார்கள். கட்டணத் திட்டத்தில் இருக்கும் வேறு வசதி எதையாவது உங்கள் டீம் பயன்படுத்துகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

டெவலப்பர்கள் புரோகிராம்களைச் சேமிக்கும் கிட்ஹப்பிலும் பாருங்கள். பிரைவேட் ரெப்போவில், அதாவது வெளியே காட்டாத புரோகிராம் தொகுப்பில், வெளியாள் ஒருவரைச் சேர்த்தால் அவரும் ஒரு சீட். அழைப்பு அனுப்பி அவர் ஏற்காமலே இருந்தாலும் சீட்தான். பழைய ஃப்ரீலான்சர்கள் பெயர் அங்கே கண்டிப்பாக இருக்கும்.


தாமிரபரணி_டெஸ்டர்
புதன், காலை 7.30

வெட்டுகிற வேலையில் ஒன்றை மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். சட்டப்படி 26 வாரம். அப்போது என் கம்பெனியில் 60 நாள் லாகின் செய்யாதவர்களின் சீட்டை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பட்டியலில் என் பெயரும் வந்திருக்கிறது. யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது சும்மா என்ன நடக்கிறது என்று பார்க்கலாமே என்று லேப்டாப்பைத் திறந்தேன். எதற்குள்ளும் போக முடியவில்லை. ஒரு செயலியில் இந்த நிறுவனத்தில் நீங்கள் உறுப்பினர் இல்லை என்று வந்தது. வேலையே போய்விட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் கேட்டால், ஐயோ அது லைசென்ஸ் கிளீனிங்குக்காகச் செய்தது என்றார்கள். நான் டெஸ்ட் கேஸ்களில் போட்டு வைத்திருந்த வடிகட்டிகள், குறிப்புகள் எல்லாம் போயிருந்தன.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவளுக்கு அந்த லாகின்தான் ஆபீஸ் நாற்காலி. அதை எடுப்பதற்கு முன் அந்த ஆளிடம் பேசுங்கள்.


பஞ்சாலைக்கணக்கு
புதன், காலை 8.10

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்களிடமும் இப்போது ஒரு பெண் விடுப்பில் இருக்கிறார். ஜிராவில் 30 நாளாக நுழையாதவர்கள் என்று நேற்று நான் எடுத்த பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டேன். அவருக்கு இன்று போன் செய்து, உங்கள் சீட்டெல்லாம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.


பஞ்சாலைக்கணக்கு
ஆறு வாரம் கழித்து, வெள்ளி, மதியம் 3.30

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

வொர்க்ஸ்பேஸ் 63-இலிருந்து 49-க்கு வந்துவிட்டது. போனவர்களில் 9 பேரின் ஃபைல்களை மாற்றி, மேனேஜர்கள் திறந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு அழித்தோம். இரண்டு பேருடையதை ஒரு கிளையன்ட் தணிக்கைக்காக வைத்திருக்கிறோம், அது முடியும் தேதியை எழுதி வைத்திருக்கிறேன். பொது முகவரிகளில் ஐந்து குரூப் ஆகிவிட்டன. அக்கவுண்ட்ஸ் மட்டும் தனிக் கணக்காகவே இருக்கட்டும் என்று விட்டேன். வங்கி மெயிலும் ஜிஎஸ்டி மெயிலும் அதற்குத்தான் வருகின்றன.

அந்த 9 பேரில் ஒருவருடைய டிரைவில் 2022-இல் போட்ட ஒரு கிளையன்ட் ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பிரதி இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. மேனேஜர்கள் சும்மா தடுக்கவில்லை என்று அன்று புரிந்தது. இரவுநேர அட்மின் சார் சொன்ன வரிசையில் போகாமல் இருந்திருந்தால் அது போயே போயிருக்கும்.

ஸூம் 22-இலிருந்து 3. டாக்கர் சந்தாவை நிறுத்தியாயிற்று. கட்டண வசதி எதையும் யாரும் பயன்படுத்தவில்லை. ஜிரா 41. கிட்ஹப்பில் நான்கு பழைய ஃப்ரீலான்சர்கள் இருந்தார்கள், தம்பி சொன்னது சரிதான். டிசைன் மென்பொருள் வருட ஒப்பந்தம் என்பதால் செப்டம்பரில்தான் 14-ஐ 5 ஆக்க முடியும், இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். டெஸ்டிங் மென்பொருளுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. மூன்று தடவை பேசியும் குறைக்க ஒத்துக்கொள்ளவில்லை. தானாகப் புதுப்பிப்பதை மட்டும் எழுத்தில் ரத்து செய்தேன். அந்தப் பணம் போனது இன்னமும் உறுத்துகிறது. இப்போது எல்லாச் சந்தாவுக்கும் ரினியூவல் மெயில் பில்லிங் என்ற குரூப்புக்கு வருகிறது. அதில் நானும் முதலாளியும் டெவலப்மென்ட் லீடும் இருக்கிறோம், ஒருவர் போனாலும் இருவர் பார்ப்பார்கள்.

ஸோஹோவுக்கு மாறுவதை முதலாளி தள்ளிவைத்துவிட்டார். இந்தப் புதிய எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஜனவரியில் பேசலாம் என்றார். ஜூனியர்கள் மூன்று பேரின் இன்க்ரிமென்டை ஜூலையிலிருந்து போடச் சொல்லிவிட்டார். கடிதத்தை டைப் செய்தாயிற்று.

ஷீட்டை நான் மில் ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டர் மாதிரியே போட்டிருக்கிறேன். பொருள், யார் கேட்டது, யார் அனுமதித்தது, எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தத் தேதியில் திரும்பியது. கடைசிக் கட்டம் நிரம்பாமல் ஒருவர் விலகும் வேலை முடிந்தது என்று நான் எழுதுவதில்லை. அதற்காக அவர்களுடைய கடைசிச் சம்பளத்தையோ ரிலீவிங் லெட்டரையோ பிடித்து வைப்பதும் இல்லை, கட்டத்தை நிரப்புவது மேனேஜரின் பொறுப்பு. அதனால் ஒருவர் ராஜினாமா கொடுத்த அன்றே மேனேஜரைத் துரத்த ஆரம்பித்துவிடுகிறேன்.

இன்று மதுரைக்காரர் ஒருவருக்குக் கடைசி நாள். அவர் பெயரில் 9 வரிகள் இருந்தன. எட்டு வரிகளில் திரும்பிய தேதி விழுந்துவிட்டது. கிட்ஹப்புக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருக்கிறது, அவர் மேனேஜரிடம் மூன்று மணிக்கு ஒரு தடவை கேட்டேன், ஐந்து மணிக்கு மறுபடி கேட்பேன்.